பம்பாயில் தினமும் பத்மினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரிலிருந்து ஒர்லிக்கு வேலைக்குப் போவது, வரும் வழியில் மாட்டுங்காவில் காய்கறியும் காப்பிப் பொடியும் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை சேடா நகர் முருகன் கோவில் எல்லாமே எனக்கு 1987 மாடல் பிரீமியர் பத்மினி காரில்தான். அப்பா வாங்கிய வண்டி. அவருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு சாவி என்னிடம் வந்தது. பதினோரு வருடம் ஆகிறது.

கோவில் வாசலிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் கல்யாண வீடுகளிலும் யாராவது வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். சிலர் தாத்தாவின் ஃபியட்டை ஷெட்டில் போட்டு வைத்திருப்பவர்கள், சிலர் புதிதாக ஒன்று வாங்க ஆசைப்படுபவர்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப இவைதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

பத்மினியை கவர்ன்மென்ட் நிறுத்திட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, நீங்க எப்படி ஓட்டறீங்க?

நிறுத்தப்பட்டது டாக்சி. மும்பையில் டாக்சி 20 வருடத்துக்கு மேல் ஓடக்கூடாது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. அதன் 20 வருடம் முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் ‘காலி-பீலி’ (கறுப்பு-மஞ்சள்) பத்மினி டாக்சி தெருவில் இல்லை. அதைத்தான் பேப்பரில் போட்டார்கள். சொந்த உபயோக வண்டிக்கு அந்த வரம்பு கிடையாது. பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்டிஓவில் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

டில்லியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே 15 வயதுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் தனிக் கட்டுப்பாடு வந்தது. அது தலைநகரப் பகுதிக்கானது.

இது ஃபியட்டா பத்மினியா? எங்க அப்பா ஃபியட்னுதான் சொல்வார்.

அப்பா சொல்வது சரி. இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியை உரிமம் வாங்கி குர்லா தொழிற்சாலையில் பிரீமியர் கம்பெனி கட்டியது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே உருவம், எழுபதுகளில் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974இல் ராணி பத்மினியின் பெயரைப் பெற்றது. பெயர்ப்பலகை மாறியதே தவிர உள்ளே 1089 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர், பின்சக்கரத்தில் இழுவை. கடைசிக் காலத்தில் தரை கியர் வைத்தும் சில வந்தன. நீளம் நாலு மீட்டருக்குள். மும்பையில் நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கு அந்த நாலு மீட்டரின் அருமை புரியும்.

பேப்பரெல்லாம் என்னென்ன வேணும்?

ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிப்பு, அதோடு மகாராஷ்டிரத்தின் சுற்றுச்சூழல் வரி, பியுசி என்ற புகைச் சோதனைச் சான்று, இன்ஷூரன்ஸ், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் 1க்கு முன் பதிவான வண்டிகளுக்கும் இந்த பிளேட் கட்டாயம். பழைய அலங்கார எழுத்து பிளேட்டைக் கழற்றிப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் என்றாலும், தேதிக்கு மூன்று மாதம் முன்பே பணத்தையும் வண்டியையும் தயார் செய்துவிடுவது நல்லது.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 சிசியைத் தாண்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். நம் வண்டி 89 சிசியில் தாண்டிவிடுகிறது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி அந்தப் படிக்கு வருடத்துக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு வேண்டும் என்றால் வண்டியின் நல்ல புகைப்படங்களையும் செலவு ரசீதுகளையும் காட்டி மதிப்பைப் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அம்பது வருஷம் ஆயிடுச்சுன்னா வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாமாமே? எங்களோடது 1974.

தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து பதிய வேண்டாம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜாகப் பதியலாம். நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் தெருவில் எடுக்கலாம். ஆபீஸுக்கு ஓட்டினால் விதிமீறல். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பவர் ஸ்டீயரிங் இல்ல, கை கியர் வேற. பொம்பளைங்களால முடியுமா அக்கா?

பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், முடியும். வண்டி நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் யாருக்கும் தோள் வலிக்கும். சக்கரம் ஒரு அடி நகர ஆரம்பித்ததும் திருப்பிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வரும். டயரில் காற்று குறைந்தாலும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் கிரீஸ் இல்லாவிட்டாலும் ஸ்டீயரிங் கனக்கும். கனமாக இருக்கிறது என்று சொல்லும் வண்டிகளில் பாதிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

கை கியர் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் கியரை மட்டும் வண்டி முழுதாக நின்ற பிறகே போடுங்கள். பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ அதற்குக் கிடையாது, ஓடும்போது தள்ளினால் பல் உரசும். ஊர்ந்து போகும்போது இரண்டாவது கியரே தாங்கும். இந்த இன்ஜினுக்குக் கீழ் வேகத்தில் இழுவை நன்றாக உண்டு.

இ20 பெட்ரோல் போட்டா இன்ஜின் போயிடுமா?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான், அதில்தான் என் வண்டி ஓடுகிறது. இன்ஜின் போகவில்லை. ஆனால் பெட்ரோல் போகும் வழியில் இருக்கும் ரப்பர் எல்லாம் போனது. பழைய ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி மெத்தென்று ஆகி, பிறகு வெடிக்கும். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் விறைத்துவிடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்: டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பம்புக்குப் புது கிட் போடுங்கள், குழாய்களில் நல்ல கிளிப் போடுங்கள்.

இரண்டாவது தொல்லை தண்ணீர். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், மும்பையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தங்கித் துருவாகி, கார்ப்பரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) வந்து அடைக்கும். ‘கச்ரா (குப்பை) வந்துடுச்சு’ என்று மிஸ்திரி, அதாவது மெக்கானிக், சொல்வது இதைத்தான். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. வாராவாரம் புதுப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கலவை இளைத்துவிடும். எத்தனால் தானே ஆக்சிஜன் கொண்டு வருவதால், பழைய ஜெட் அளவில் பெட்ரோல் போதாமல் காலையில் இன்ஜின் தும்மும், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் கொஞ்சம் அதிக நேரம் தேவைப்படும். கார்ப்பரேட்டர் தெரிந்த மிஸ்திரி ஐட்லிங் திருகைச் சரிசெய்து, தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டால் தீரும். மைலேஜ் சற்றுக் குறையும். எனக்கு ஊருக்குள் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தது இப்போது பத்தை ஒட்டித்தான் வருகிறது.

சரி, சிஎன்ஜி போட்டுட்டா அந்தத் தொல்லையே இல்லையே? டாக்சியெல்லாம் அதுலதானே ஓடுச்சு?

ஓடின, உண்மைதான். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு யோசிக்கத் தகுந்த வழி. என் ஓட்டம் முப்பதுக்குள், அதனால் நான் போடவில்லை. டிக்கியை சிலிண்டர் நிறைத்துவிடும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் அந்தக் கனத்தில் படிந்துவிடும். சிஎன்ஜி வறண்ட எரிபொருள். வால்வ் சீட் சீக்கிரம் தேயும், டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை, ஆர்சியில் பதிவு இரண்டும் கட்டாயம். வாங்கப் போகும் வண்டியில் ஏற்கெனவே கிட் இருந்தால் இந்த இரண்டு காகிதத்தையும் கேட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டிராஃபிக்ல சூடேறி நின்னுடுமே, அதுக்கு என்ன பண்றீங்க?

எல்லோரும் கேட்பது இது. ஃபியட் என்றாலே பானெட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நிற்கும் படம்தான் மனதில் வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் பத்மினி மே மாதத்து சயான் சிக்னலிலும் சூடேறக் கூடாது. ஏறுகிறது என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டி என் கைக்கு வந்த முதல் கோடையில் சயான் அருகே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு “இனிமே சூடேறாது” என்றார்கள். ஒரு மாதம் பரவாயில்லை, பிறகு பழையபடி. கடைசியில் வயதான ஒரு டாக்சி மிஸ்திரி ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால் தடவிக் காட்டினார். மேல் பாதி கொதித்தது, கீழ் பாதி வெறும் வெதுவெதுப்பு. பல வருடம் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் உப்புப் படிந்து கீழ்க் குழாய்கள் எல்லாம் அடைத்திருந்தன. மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டு ராடிங் செய்ததும் முள் பாதிக்கு மேல் போகவில்லை. தெர்மோஸ்டாட்டையும் புதிதாக வாங்கித் திரும்பப் போட்டார். அது இல்லாமல் ஓடினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் எண்ணெய் கெட்டியாகி, பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்றார்.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள்: தண்ணீர் அளவு, ஃபேன் பெல்ட் இறுக்கம், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கடைசியாக இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்). டைமிங் பின்தங்கினாலும் இன்ஜின் கொதிக்கும். அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

இந்த வண்டியில் ஃபேன் இன்ஜின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. ஐட்லிங்கில் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். சிக்னலில் முள் ஏறினால் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடியுங்கள், காற்றும் தண்ணீர் ஓட்டமும் கூடும். அப்படியும் ஏறினால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ‘இன்னும் ரெண்டு சிக்னல்தானே’ என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் போகும், செலவு பல மடங்கு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முக்கால் மணி நேரம் பொறுத்திருந்து, துணி போட்டுத் திறங்கள்.

முள்ளு நடுவுலதான் இருக்கு. ஆனா மத்தியானம் நிறுத்திட்டு அஞ்சு நிமிஷத்துல எடுத்தா ஸ்டார்ட்டே ஆகல. ஏன்?

பெட்ரோல் ஆவியாகிவிட்டது. இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் தண்ணீரும் நின்றுவிடும், ஆனால் இன்ஜினின் சூடு பத்து நிமிடம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கும். இதை வேப்பர் லாக் என்பார்கள். ஸ்டார்ட்டரைப் போட்டு பேட்டரியைக் கொல்ல வேண்டாம். பானெட்டைத் திறந்துவிட்டு, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் நில்லுங்கள். பத்மினி டாக்சிக்காரர்கள் சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு பழைய துணி வைத்திருந்தது இதற்காகவும்தான்.

நிரந்தர வழி, பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் போகும் இடத்தைத் தள்ளிக் கட்டி, வெப்பம் தாங்கும் உறை போடுவது. இ20க்காக குழாய் மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

பிரேக்கை நம்பலாமா?

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், கால் பலத்துக்குத் துணையாக சர்வோ எதுவும் கிடையாது. சரியாக அட்ஜஸ்ட் செய்திருந்தால் நேராக, நிதானமாக நிற்கும். ஆனால் முன்னால் போகிற புது வண்டி நிற்கிற தூரத்தில் நிற்காது. ஆட்டோவுக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் ஒரு கார் நீளம் கூடுதலாக விடுங்கள். அந்த இடைவெளியில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும், திரும்ப இடைவெளி விடுங்கள்.

பழைய பத்மினிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலும் போகும். வாரம் ஒரு முறை எண்ணெய் அளவையும் சக்கரங்களின் உள்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போது அது மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது, அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் எண்ணெயும் ஈரம் இழுக்கும். ஒன்றரை இரண்டு வருடத்தில் முழுதாக மாற்றிவிடுவேன்.

மழைக்காலத்துல வீட்டுலயே வெச்சுடுவீங்களா?

இல்லை, ஓட்டுவேன். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் போக மாட்டேன். ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், மிலன் சப்வே, அந்தேரி சப்வே எல்லாம் மும்பையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். உயர அலையும் கனமழையும் ஒன்றாக வரும் நாளில் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடுவேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது எங்கள் வண்டி வீட்டு மேட்டில் நின்றதால் தப்பித்தது. அப்பா அன்றைக்குப் பிறகு மழை நாளில் பள்ளத்தில் வண்டி நிறுத்தியதே இல்லை.

ஜூன் பிறப்பதற்கு முன், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் பிளக் ஒயர்களையும் மாற்றிவிடுங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஈரத்தில் மின்சாரம் அதன் வழியாகத் தப்பித்து, வண்டி குதித்துக் குதித்துப் போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் அந்த மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்ததும் பிரேக் பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், டிரம் சூடாகி உலரும்.

கடல் காத்துல துரு பிடிக்குமே?

பிடிக்கும். இன்ஜினுக்கு என்ன ஆனாலும் சரிசெய்யலாம், பாடி அரித்துவிட்டால்தான் இந்த வண்டிக்கு முடிவு. வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காமல் கால் மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், கதவுகளின் அடிவிளிம்பை விரலால் தட்டிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தைப் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் உண்டு; குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மாதம் ஒரு முறை ஒரு குச்சியால் குத்திவிடுவேன். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அண்டர்கோட்டிங் அடிப்பது பெரிய தப்பு, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

சர்வீஸ் எப்பெப்போ?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம்: எண்ணெய், தண்ணீர், பிரேக் எண்ணெய், டயர் காற்று, பெல்ட். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பக்கத்தில் இருக்கும் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். மூவாயிரத்துக்கு ஒரு முறை 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் மாற்றுவேன். அதே சமயம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயின்ட் சுத்தம் செய்து இடைவெளியைச் சுமார் 0.45 மில்லிமீட்டர் வைத்து, டைமிங் பார்ப்போம்.

டைனமோ இருக்கும் வண்டி என்றால் ஐட்லிங்கில் சார்ஜ் ஆகாது, சிக்னலில் ஹெட்லைட் மங்கும். மும்பை டிராஃபிக்குக்கு ஆல்டர்னேட்டர் மாற்றிக்கொள்வது நல்லது. இந்த வண்டியின் பழமையைக் காக்க நினைக்கும் நானே தயங்காமல் செய்த மாற்றம் அது. ரேடியேட்டருக்கு முன்னால் எலக்ட்ரிக் ஃபேன் வைக்க நினைப்பவர்களும் முதலில் ஆல்டர்னேட்டர் போட்டாக வேண்டும்.

டயர் நல்லா பட்டன் இருக்கு, மாத்தணுமா?

பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருடத்தில் ரப்பர் கெட்டியாகி மழையில் வழுக்கும், மாற்றிவிடுங்கள். அகலமான டயர் போடும் ஆசை வேண்டாம், ஸ்டீயரிங் கனக்கும்.

பார்ட்ஸ் எங்க கிடைக்குது?

ஆப்பரா ஹவுஸ் பக்கத்து ஸ்பேர் கடைகள், குர்லா சிஎஸ்டி ரோடு கடைகள். இந்த ஊரிலேயே பிறந்த வண்டி, பல்லாயிரக்கணக்கில் டாக்சியாக ஓடிய வண்டி என்பதால் பாயின்ட், கண்டென்சர், பிரேக் கிட், கிங் பின், வாட்டர் பம்ப் எல்லாம் இன்னும் கிடைக்கிறது. டாக்சி நின்ற பிறகு கடைகளில் இருப்பு மெல்லக் குறைகிறது என்பதையும் பார்க்கிறேன். பழைய பார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பத்மினியில் வருடத்துக்கு வருடம் சின்ன மாற்றங்கள் உண்டு, வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாது. கிடைக்கும்போது இரண்டாக வாங்கி ஒன்றை டப்பாவில் போட்டுவையுங்கள். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு மூடி போன்ற உடல் பாகங்கள்தான் உண்மையில் அரிது.

மிஸ்திரி ஏமாத்தறாரான்னு எப்படித் தெரியும்?

அப்பா ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, எவ்வளவு. 1987லிருந்து எல்லாம் இருக்கிறது, நானும் அதிலேயே தொடர்கிறேன். “கிளட்ச் போயிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் நோட்டைப் புரட்டினால் போதும், போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று தெரிந்துவிடும். மாற்றிய பார்ட்டை வாங்கிப் பாருங்கள், வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நல்ல மிஸ்திரிக்கு நீங்கள் நிற்பது பிடிக்கும். டாக்சி காலத்து மிஸ்திரிகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் போகும்போது வேலையை மட்டும் பார்க்காமல் கேள்வியும் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பல விஷயங்கள் எங்கேயும் அச்சில் இல்லை.

பியுசி-ல ஃபெயில் ஆகுதே?

பழைய வண்டிக்கு அளவே வேறு. பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை போகலாம். சென்டரில் தவறாகப் பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளின் அளவான 0.5 சதவீதத்தைப் போட்டுவிட்டால் எந்த கார்ப்பரேட்டர் வண்டியும் தேறாது, வருடத்தைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சோக் முழுதாக உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள். அப்படியும் தேறாவிட்டால் ஏர் ஃபில்டர், பிளக், ஐட்லிங் கலவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்.

ஏசி போடலாமா?

40 குதிரைத்திறனில் ஏசிக்கும் கொடுத்துவிட்டால் மேம்பாலம் ஏற எதுவும் மிஞ்சாது, சூட்டுத் தொல்லையும் திரும்ப வரும். முன் கதவுகளில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியை முழுதாகத் திருப்பி வையுங்கள். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் சாயங்காலம் போகும்போது துறைமுகத்துக் காற்று நேராக முகத்தில் வந்து விழும். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த இருபது நிமிடம் அதுதான்.

குழந்தைங்களை ஏத்திட்டுப் போறீங்களே, பெல்ட் இருக்கா?

வரும்போது இல்லை. முன்னும் பின்னும் பொருத்திவிட்டேன். மும்பையில் 2022 நவம்பர் 1 முதல் காரில் இருக்கும் எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று போலீஸ் அறிவித்ததற்கு முன்பே போட்டது. பெல்ட்டைத் தகரத்தில் வெறும் போல்ட் போட்டு மாட்டினால் விபத்தில் பிய்ந்து வரும். பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் மேலே சொன்ன துருவைப் பார்த்துவிடுங்கள். அரித்த தரையில் பெல்ட் போட்டும் பயனில்லை. ஏர்பேக் இல்லாத வண்டி என்பதை மறக்காமல், நான் அறுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை.

லோனாவ்லா ஏறுமா?

ஏறும். விடியற்காலையில் கிளம்பி, எக்ஸ்பிரஸ்வேயை விட்டுவிட்டுப் பழைய ஹைவேயில் போங்கள். கண்டாலா மலைப்பாதையில் இரண்டாவது கியரில் அவசரமில்லாமல் ஏறுங்கள், இறங்கும்போதும் அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும்.

மாசம் என்ன செலவு?

போன வருடம் பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் நீங்கலாக நோட்டில் இருக்கும் கூட்டல் 41,300 ரூபாய். அதில் பாதிக்கு மேல் இரண்டு டயரும் ஒரு ஷாக் அப்சார்பர் ஜோடியும். பெரிய வேலை இல்லாத வருடத்தில் இருபதாயிரத்துக்குள் முடியும். ஷெட்டில் கிடந்த வண்டியை எழுப்புகிறவர்கள் முதல் வருடத்துக்கு இதைப்போல ஐந்தாறு மடங்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

லீவுல ஒரு மாசம் ஊருக்குப் போறோம். வண்டியை அப்படியே விட்டுட்டுப் போலாமா?

கிளம்புவதற்கு முன் டேங்கை நிரப்புங்கள், காலி இடம் குறைந்தால் ஈரம் சேர்வதும் குறையும். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஈரக் காற்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்; கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பருத்தித் துணி போதும். மூன்று மாதத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் கார்ப்பரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் உடனே சாவியைத் திருக வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் பார்த்து, வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பானெட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம், ஒயர்களையும் பாருங்கள். பிறகு பேட்டரியை மாட்டி, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய் விளக்கு அணைந்த பிறகு ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு, தெருமுனை வரை போய் இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.